எதிர்வாசல்

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரைக்கெல்லாம் டாக்டர் குழந்தைவேல் கிளினிக் ஷட்டரைத் தூக்கிவிடுவார். வடகவுஞ்சி மலைக்கிராமத்து முதல் பஸ் கொடைக்கானல் சந்தைக்கு வந்து நிற்கிற நேரம் அது. எதிரே சேனாதிபதியின் ஆஸ்பத்திரியில் ஓ.பி. சீட்டு கொடுக்க ஒன்பது மணியாகும். அதற்குள் பூண்டு மூட்டையை இறக்கிய கையோடு முப்பது பேர் இவரிடம் வைத்தியம் பார்த்துவிட்டுப் போயிருப்பார்கள். ஒன்பது மணிக்கு ஜன்னல் வழியாக எட்டிப்பார்ப்பார். அங்கே வரிசையாகக் கிடக்கும் காலி நாற்காலிகளைப் பார்க்கப் பார்க்க மனசு குளிர்ந்துபோகும்.

பின்னே? பதினோரு வருஷம் அங்கே உழைத்தவர். எந்த டாக்டர் எத்தனை ஸ்கேன் எழுதினார், எத்தனை பேரைப் படுக்க வைத்தார் என்று மாதக் கூட்டத்தில் சேனாதிபதி பட்டியல் வாசிப்பார். லாட்ஜ் நடத்தி மேலே வந்த மனுஷன். அவருக்கு ரூம் காலியாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான். வடகவுஞ்சி ராக்காயி நெஞ்சு எரிகிறதென்று வந்தபோது, வெறும் வாயுதான் என்று மாத்திரை கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார் குழந்தைவேல். "மூணு நாள் ஐ.சி.யு.வுல போட வேண்டிய கேஸ் டாக்டர். எழுதுறதுக்குத்தான் உங்களுக்குச் சம்பளம். யோசிக்கிறதுக்கு நாங்க இருக்கோம்" என்றார் சேனாதிபதி. மறுநாள் குழந்தைவேலின் அறைக்கதவில் பெயர்ப்பலகை இல்லை. இது 2005இல். அந்த வாரமே எதிரே இருந்த கம்பளிக் கடையை வாடகைக்கு எடுத்துவிட்டார்.

அந்த ஆஸ்பத்திரியை இழுத்து மூட வைக்காமல் ஓய்வதில்லை என்று கங்கணம் கட்டிக்கொண்டார். மருந்துச் சீட்டை நீட்டும்போதெல்லாம், "அந்த வாசலை மட்டும் மிதிச்சிராதீங்க, சும்மா படுக்க வச்சே காசு புடுங்கிருவாங்க" என்று ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்வார். வடகவுஞ்சிக்காரர்கள் அதற்கும் ஒருபடி மேலே போனார்கள். கோயில் முன்னால் ஊர் கூடி, இனி அந்த ஆஸ்பத்திரிக்குப் போவதில்லை என்று கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்தார்கள். சேதி கேட்ட அன்று டாக்டர் வீட்டில் கேசரி கிண்டச் சொல்லிச் சாப்பிட்டார்.

இந்த ஞாயிறு ராக்காயியை அவள் புருஷன் திருமலைச்சாமி தோளில் தாங்கிக்கொண்டு வந்தார். அந்தக் குளிரிலும் அவளுக்கு வேர்த்துக் கொட்டியது. ஈ.சி.ஜி. தாளைப் பார்த்ததும் டாக்டருக்குத் தெரிந்துவிட்டது. இந்தத் தடவை வாயு இல்லை, மாரடைப்பு. ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி அன்றைக்கு மலையில் எதிர்வாசலில்தான் இருந்தது. கீழே இறங்க இரண்டு மணி நேரம். அவ்வளவு நேரம் அவளிடம் இல்லை. அப்படியும், வெட்கக்கேடு, ஒரு முழு நிமிடம் அவர் யோசித்தது கார் பிடித்துக் கீழே அனுப்பிவிடலாமா என்றுதான். பிறகு ஒரு ஆஸ்பிரின் மாத்திரையை அவள் வாயில் போட்டு, திருமலைச்சாமியும் அவருமாக நாற்காலியோடு தூக்கிக்கொண்டு ரோட்டைத் தாண்டினார்கள்.

கேட்டைக் கண்டதும் ராக்காயி கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"கற்பூரம் அணைச்சிருக்கு சாமி. மிதிச்சா எம் புள்ளைகளுக்கு ஆகாது."

"உசுரு போயிரும்மா. வெரசா உள்ள போகணும்."

திருமலைச்சாமி அவரைப் பார்த்தார். "நீங்க சொன்னத நம்பித்தானங்க ஊரே சத்தியம் பண்ணுச்சு. நீங்க சொன்னது பொய்யின்னா அந்தச் சத்தியம் எங்களக் கட்டாது. சொல்லுங்க, பொய்யிங்களா?"

சந்தைக்கு வந்திருந்த வடகவுஞ்சி ஜனம் மொத்தமும் சுற்றி நின்றது. மாடி பால்கனியில் சேனாதிபதி, கையில் டீ டம்ளரோடு.

டாக்டர் பால்கனியை நிமிர்ந்து பார்த்தார். தான் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் நிஜம்.

"பொய்தான்" என்றார்.

"சத்தமா சொல்லுங்க டாக்டர்" என்று மேலேயிருந்து சேனாதிபதியின் குரல் வந்தது. "பின்னாடி நிக்கிறவங்களுக்குக் கேக்கல பாருங்க."

உன்னை விடமாட்டேன்டா, இந்தப் பொம்பளை பிழைத்து எழுந்திரிக்கட்டும், அப்புறம் இருக்கிறது உனக்கு என்று பல்லைக் கடித்தார். ராக்காயியின் உதடு நீலம் பாரிக்கத் தொடங்கியிருந்தது.

"பொய்! நான் சொன்னது பூராம் பொய்! இது நல்ல ஆஸ்பத்திரி!" என்று தொண்டை கிழியக் கத்தினார்.

ராக்காயி கம்பியை விட்டாள். ஆஸ்பத்திரி ஆட்கள் ஸ்ட்ரெச்சரில் கிடத்தி உள்ளே தள்ளினார்கள். டாக்டர் கூடவே ஓடி, நாடி பார்க்கக் கையை நீட்டினார். அவள் அவர் முகத்தையே பார்த்தபடி, தன் கையைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டாள்.