நூற்றுப் பதின்மூன்றாவது மாதேவனுக்கு ஒரு முன்னுரை

1

துப்பறியும் இலக்கியத்துக்கு உலகத்தில் ஒரு தலைநகரம் உண்டென்றால் அது நாகர்கோவில்தான். அதிலும் குறிப்பாகக் கோட்டாறு. இதை எழுதும்போது கை நடுங்கவில்லை.

(எழுதும் கை ஊரைத் தாண்டி அதிகம் போனதுமில்லை. திருவனந்தபுரம் கண் ஆஸ்பத்திரிக்கு இரண்டு தடவை போயிருக்கிறது. ஆகவே மற்ற தலைநகரங்களோடு ஒப்பிட்டுப் பார்க்க வசதிப்படவில்லை.)

கோட்டாறு கோலப்பன் என்று ஒருவர் இருந்தார். இருபத்தேழு வருஷத்தில் நூற்றுப் பன்னிரண்டு நாவல் எழுதினார். எல்லாவற்றிலும் துப்பறியும் மாதேவன்தான் நாயகன். மாதேவனுக்கு ஜீப் கிடையாது, துப்பாக்கி கிடையாது. வெள்ளை வேட்டி, கக்கத்தில் குடை, டவுன் பஸ். பஸ்ஸில் வந்து கொலைகாரனைப் பிடிப்பார். பஸ்ஸிலேயே திரும்பிப் போவார். கோலப்பன் காலமாகி முப்பது வருஷத்துக்கு மேல் ஆனபிறகு ஒரு பதிப்பகம் மாதேவனைத் தூசி தட்டி எழுப்பியது. இனிப் புதியவர்கள் ஆளுக்கொரு நாவல் எழுதுவார்கள் என்று அறிவித்தது. அவர்களில் முதல்வர், நூற்றுப் பதின்மூன்றாவது மாதேவனை எழுதியவர், நாராயணபெருமாள். பஸ் டிப்போவில் முப்பத்திரண்டு வருஷம் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர்.

நீங்கள் வாசிப்பது அந்த நாவலுக்கு அவர் எழுத வேண்டிய முன்னுரை.

மாதேவனின் உரிமை கோலப்பனின் மகள் பகவதியிடம் இருக்கிறது. நாவலை வெளியிட அவர் ஒரு நிபந்தனை போட்டார். முன்னுரையில் ஓர் உண்மையைச் சொல்ல வேண்டும். ஒரே ஒரு வரி போதும். சொன்னால் அட்டையில் கோலப்பன் பெயருக்குக் கீழே நாராயணபெருமாள் பெயர் வரும். சொல்லாவிட்டால் 113 என்ற எண் வரிசையில் அடுத்து நிற்கும் விபினுக்குப் போய்விடும்.

அந்த ஒரு வரிக்கு வருவதற்காகத்தான் இத்தனை வரிகள்.

2

கைவிடப்பட்ட தொடக்கங்கள் வருமாறு:

‘வாசகப் பெருமக்களே, எளியேனாகிய நான் அறிந்தோ அறியாமலோ—’

(எளியேன் என்பது பொய் என்று அவர் மனைவி பிந்து சொன்னாள். அறியாமலோ என்பதும் பொய். வரியில் மிச்சமிருந்தது வாசகப் பெருமக்கள் மட்டும்.)

‘ஆள் பற்றாக்குறை நிலவிய அந்தக் காலத்தில், நான் மட்டுமல்ல, டிப்போவில் பலரும்—’

(பலரில் நான்கு பேர் தினமும் காலை நடையில் எதிரே வருகிறார்கள்.)

‘மாதேவன் பஸ்ஸிலிருந்து இறங்கினார்.’

(அருமையான தொடக்கம். ஆனால் அது நாவலின் தொடக்கம்.)

நாலாவது முயற்சியில் முன்னுரை எட்டுப் பக்கம் ஓடியது. பகவதி அதைப் படித்துவிட்டு, இதில் எத்தனை ‘நான்’ என்று எண்ணிப் பார்க்கச் சொன்னார். நாற்பத்தாறு. முன்னுரையில் அந்தச் சொல் இனி ஒரு இடத்திலும் வரக்கூடாது என்றார். எனவே நாற்பத்தாறையும் எடுத்துவிட்டு அந்த இடங்களில் எல்லாம் நாராயணபெருமாள் என்று போட்டார் நாராயணபெருமாள். போட்டதும் ஒன்று புரிந்தது. வேறொருவரைப் பற்றி எழுதும்போது எவ்வளவு உண்மையை வேண்டுமானாலும் சொல்லிவிடலாம். முன்னுரை இப்படித்தான் கதையாயிற்று.

3

நாவல் எழுதத் தொடங்குமுன் அவர் நூற்றுப் பன்னிரண்டு மாதேவனையும் வரிசையாகப் படித்தார். ஒரு நோட்டில் அட்டவணை போட்டார். மாதேவன் ஏறிய பஸ்கள் மொத்தம் அறுநூற்றுச் சொச்சம். அவற்றில் ஒன்றுக்குக்கூடக் கோலப்பன் நேரம் எழுதவில்லை. ‘பஸ் வந்தது. மாதேவன் ஏறினார்.’ எல்லா நாவலிலும் இதே இரண்டு வாக்கியம்தான்.

மேதைகளுக்கும் ஒரு குறை இருக்கும் என்று நாராயணபெருமாள் பெருந்தன்மையோடு எடுத்துக்கொண்டார். அந்தக் குறையைத் தீர்க்கவே, முப்பத்திரண்டு வருஷ அனுபவத்தோடு தன்னைக் காலம் அனுப்பியிருப்பதாகவும் நினைத்தார். (இந்த வாக்கியத்தைப் பகவதி அடித்தார். மறுபடி சேர்த்திருக்கிறது.)

அவருடைய நாவலின் கதை இது. ஆண்டு 1996. செல்போன் வந்து துப்பறிவாளர்களின் பிழைப்பைக் கெடுப்பதற்கு முந்தைய காலம். வட்டக்கோட்டையில் ஒரு தேங்காய் வியாபாரி கொல்லப்படுகிறார். விழுந்த வேகத்தில் நின்றுபோன கைக்கடிகாரம் 4.50 காட்டுகிறது. அவருடைய மச்சினன் சொல்கிறான்: ‘நாகர்கோவிலிலிருந்து 4.10 வண்டியில் வந்தேன். இறங்கும்போது மணி ஐந்தைத் தாண்டிவிட்டது. அத்தான் செத்துக் கிடந்தார்.’ எல்லோரும் நம்புகிறார்கள். மாதேவன் மட்டும் டிப்போவின் ரிஜிஸ்டரைத் திறக்கிறார். 4.10 வண்டி வட்டக்கோட்டை சேரும் நேரம் 4.48. மச்சினன் பொய் சொல்கிறான். கொலை செய்ய அவனுக்குச் சரியாக இரண்டு நிமிஷம் இருந்திருக்கிறது. கைவிலங்கு. பஸ் வருகிறது, சரியாக 5.20-க்கு. மாதேவன் ஏறுகிறார்.

பிந்து கையெழுத்துப் பிரதியைப் படித்துவிட்டு, “இது கொலைக்கதையா, டிப்போ நோட்டீஸ் போர்டா?” என்று கேட்டாள். அதை அவர் பாராட்டாக எடுத்துக்கொண்டார்.

ஓய்வு பெறும்போது பழைய பேப்பர் கட்டிலிருந்து மீட்டு வைத்திருந்த 1996-ஆம் வருஷத்து ரிஜிஸ்டர் அவரிடம் பத்திரமாக இருந்தது. நாவலின் பின்னிணைப்பாக அதைப் பக்கம் பக்கமாக அச்சிட வேண்டும் என்பது அவர் ஆசை. நாவலையும் ரிஜிஸ்டரையும் ஒரே பையில் போட்டுக்கொண்டு கோட்டாறுக்குப் போனார்.

4

பகவதிக்குக் கோட்டாறில் பாத்திரக்கடை. ஒரு உருளியை நிறுத்துப் போட்டுவிட்டு ஒரு பக்கம் படிப்பார். குத்துவிளக்கு ஒன்றைத் துடைத்து வைத்துவிட்டு இன்னொரு பக்கம். மூன்றாம் நாள் படித்து முடித்துவிட்டு ஆள் அனுப்பினார். மாலை போடக் கூப்பிடுகிறார்கள் என்ற நினைப்பில் நாராயணபெருமாள் சலவைச் சட்டையோடு போனார்.

“தம்பி, இந்த மச்சினன் கொல்லல்லியே” என்றார் பகவதி.

அறுபத்திரண்டு வயதில் தம்பி என்று அழைக்கப்பட்டதை விழுங்கிக்கொண்டு, அவன்தான் கொன்றான், நேரம் இடிக்கிறதே என்று நாராயணபெருமாள் விளக்கத் தொடங்கினார். பகவதி கையைக் காட்டி நிறுத்தினார். அவருடைய மாமியார் வீடு வட்டக்கோட்டைக்குப் பக்கத்தில்.

“எனக்குக் கல்யாணம் ஆன நாள்லேருந்து அந்த நாலு பத்துலதான் போவேன். அஞ்சு மணிக்கு முன்ன கோட்டையக் கண்டதா எனக்கு ஓர்மையே இல்ல. அந்தப் பய சொன்னது அத்தனையும் நெசம்.”

“ரிஜிஸ்டர் இருக்கே அக்கா. வருஷம் பூரா நாலு நாப்பத்தெட்டு.”

“வருஷம் பூராவுமா?”

“பூராவும்.”

“மழைக்கும்?”

“மழைக்கும்.”

பகவதி ரிஜிஸ்டரை வாங்கி மார்கழி மாதத்துக்குப் புரட்டினார். சுசீந்திரம் தேரோட்டத்தன்று விரல் நின்றது. அன்று சாலையை அடைத்துவிடுவார்கள். கன்னியாகுமரிப் பக்கம் போகிற வண்டியெல்லாம் ஜனத்துக்கு நடுவே நிற்கும், அல்லது சுற்றிப் போகும். நாஞ்சில் நாட்டில் பிறந்த பிள்ளைக்கு இது தெரியும். பகவதியின் விரலுக்கு நேரே பச்சை மையில் 4.48 என்று இருந்தது. பதற்றமில்லாத, முத்து முத்தான எழுத்து.

“தேருக்கு மேல பறந்து போச்சோ வண்டி?” என்றார். பிறகு ரிஜிஸ்டரை வெளிச்சத்தில் பிடித்தார். “இது ஆருக்க எழுத்து?”

நாராயணபெருமாள் எதிரே தொங்கிய தூக்குவாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றிலும் அவர் முகம் தெரிந்தது. நீளமாகவும், குட்டையாகவும்.

(இந்த இடத்தில் அவர் என்ன பதில் சொன்னார் என்பதைக் கதையில் சேர்க்கவில்லை. ‘அது வந்து’ என்று மூன்று தடவை சொன்னார்.)

“எங்கப்பா நூத்திப் பன்னெண்டு கதை எழுதினாரு. கதை சவசவன்னு இருந்திருக்கும், எழுத்துப் பிழை இருந்திருக்கும். ஆனா மாதேவன் ஒரு நாளும் தப்பான ஆளப் பிடிச்சதில்ல. நீரு மொதக் கதையிலேயே ஒரு பாவப்பட்டவனக் கொண்டு ஜெயில்ல தள்ளிட்டீரே.”

கோலப்பன் ஏன் நேரமே எழுதவில்லை என்பது அப்போதுதான் நாராயணபெருமாளுக்கு விளங்கியது. அவரும் அந்த பஸ்ஸில் போனவர்.

5

ஒரு பாத்திரத்தை எழுத்தாளர் சந்தேகிப்பது இந்த வகைக் கதைகளில் வழக்கம். இந்தக் கதையில் எழுத்தாளர் சந்தேகிப்பது நாராயணபெருமாளை. நம்பும்படி இருக்கிறாரா? தன் கையால் எழுதிய பொய்யையே சாட்சியாக வைத்து ஒருவனுக்கு ஆயுள் தண்டனை வாங்கிக் கொடுக்க ஒரு மனிதனால் முடியுமா?

முடியும். இதில் பெருமைப்படும்படியான ஒரு தொழில்நுணுக்கம் இருக்கிறது. கண்டக்டர்கள் டிரிப் ஷீட்டில் சேர்ந்த நேரத்தை எழுதாமல் காலியாக விட்டுவிடுவார்கள். உண்மையான நேரத்தைக் கேட்டு எழுதினால் தாமதம், தாமதத்துக்கு மெமோ, மெமோவுக்கு விளக்கம், விளக்கத்துக்கு இன்னொரு ரிஜிஸ்டர். ஆகவே நாராயணபெருமாள் சனிக்கிழமை சாயங்காலம் ஒரு டீயை வாங்கி வைத்துக்கொண்டு, பச்சைப் பேனாவை எடுத்து, வாரம் முழுவதுக்கும் கால அட்டவணையில் உள்ள நேரத்தையே ஒரே மூச்சில் மேலிருந்து கீழே நிரப்பிவிடுவார். முதல் வருஷம் கூச்சமாக இருந்தது. ஐந்தாம் வருஷம் பழகிவிட்டது. இருபதாம் வருஷம் தன் வண்டிகளின் ஒழுங்கை நினைத்து அவருக்கே மார்பு விரிந்தது.

ஆக, பகவதி கேட்ட வரி இதுதான்: நாவலில் மாதேவன் நம்பும் 4.48 என்ற நேரத்தை, வண்டி வந்ததா என்றுகூடப் பாராமல், எழுதியவர் நாராயணபெருமாள்.

சொல்லியாயிற்று. நினைத்த அளவு கஷ்டமாக இல்லை. நான்—

(திருத்தம்: நாராயணபெருமாள்.)

6

நாவலின் முடிவு இன்னும் மிச்சமிருக்கிறது.

முதல் முடிவில் மச்சினன் ஜெயிலுக்குப் போகிறான். நடையழகு உள்ள அத்தியாயம். பொய்.

இரண்டாவது முடிவில் மச்சினன் விடுதலை. அப்படியானால் கொன்றது யார்? நாவலில் செத்தவரையும் மாதேவனையும் விட்டால் பாக்கி இருப்பது, கோட்டை வாசலில் ஒரு வரிக்கு மட்டும் வந்து இளநீர் வெட்டிவிட்டுப் போகிறவன். கையில் அரிவாள் வேறு. ஆனால் அவனுக்கு நாராயணபெருமாள் பெயர்கூட வைக்கவில்லை. பெயர் வைக்கச் சோம்பல்பட்ட ஒருவனை நூறாம் பக்கத்தில் பிடித்துக் கொடுப்பதற்குப் பகவதி சம்மதிக்கவில்லை.

மூன்றாவது முடிவு விபின் வாட்ஸப்பில் குரலாக அனுப்பியது. மார்த்தாண்டத்துப் பையன், திருவனந்தபுரத்தில் கம்ப்யூட்டர் வேலை. “சாரே, இப்ப ஆரு பஸ்ஸுக்க நேரம் நோக்குது? கதைய இந்த வருஷத்துக்கு மாத்துங்க. மொபைல் லொக்கேஷன் எடுத்தா ரெண்டு பக்கத்துல ஆளு கிட்டும்.” அந்தக் குரலில் 113-க்கு ஆசை கேட்டது. நாராயணபெருமாள் பதிலுக்கு ஒரு கும்பிடு மட்டும் அனுப்பினார்.

நாலாவது முடிவு அவரே எழுதியது. மாதேவன் குடையை மடக்கிக்கொண்டு டிப்போவுக்குள் நுழைகிறார். கண்ணாடிக்குப் பின்னால் கம்பீரமான, சிவந்த நிறமுள்ள, நேர்மை முகத்தில் எழுதி ஒட்டிய ஒரு டைம் கீப்பர். (அடைமொழிகளைப் பகவதி அடித்தார். இப்போது ‘ஒரு டைம் கீப்பர்’ மட்டும் மிச்சம்.) மாதேவன் ரிஜிஸ்டரைப் பிரித்து, தேரோட்டத்தன்றைய வரியில் விரலை வைத்து, இது யார் எழுத்து என்று கேட்கிறார். அத்துடன் அத்தியாயம் நிற்கிறது. கொன்றவன் யார் என்று அதில் இல்லை. “அப்பா வாசிச்சா இதக் களையமாட்டாரு” என்று பகவதி சொன்னார். வாழ்நாளில் நாராயணபெருமாள் வாங்கிய ஒரே விருது அதுதான். சட்டம் போட்டு மாட்ட முடியாது என்பதுதான் குறை.

அட்டை அச்சாகிவிட்டது. கோட்டாறு கோலப்பன் என்பது பெரிய எழுத்தில். கீழே, பூதக்கண்ணாடி இல்லாமலே படிக்கிற அளவில், நாராயணபெருமாள். அட்டையைப் பார்த்துவிட்டுப் பிந்து தன் தங்கைக்குப் போன் போட்டாள். கொலைகாரனை நீங்களே கண்டுபிடித்துக்கொள்ளுங்கள். மச்சினனை மட்டும் விட்டுவிடுங்கள். அவன் பஸ்ஸில் இருந்தான்.

7

முன்னுரையை அச்சுக்குக் கொடுக்குமுன் அந்த வண்டியில் ஒரு தடவையாவது போய்ப் பார்க்கும்படி பகவதி சொல்லியிருந்தார். போன வியாழக்கிழமை போனார். முப்பத்திரண்டு வருஷம் அனுப்பிவைத்த வண்டியில் அவர் ஏறியது அதுவே முதல் தடவை. மாதேவனுக்குப் பிடித்த ஜன்னலோர சீட்டு கிடைத்தது.

4.10 வண்டி 4.19-க்குப் புறப்பட்டது. சுசீந்திரத்தில் ஒரு வாழைத்தார்க்காரருக்காக நின்றது, தார் ஏறிற்று, அவர் ஏறவில்லை, மறுபடி நின்றது. வட்டக்கோட்டையில் நாராயணபெருமாள் இறங்கியபோது மணி 5.14. நின்ற இடத்திலேயே நோட்டை எடுத்து 5.14 என்று எழுதினார். உத்தியோக வாழ்க்கையிலும் அதற்குப் பிறகும் அவர் கண்ணால் பார்த்து எழுதிய முதல் நேரம். கடற்காற்றில் நோட்டைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் நிமிர்ந்து நின்றார்.

கண்டக்டர் சிஜின் பழைய பழக்கம். சாரைக் கண்ட சந்தோஷத்தில் டிரிப் ஷீட்டோடு இறங்கி வந்து, சேர்ந்த நேரம் என்ன போடட்டும் என்று கேட்டான்.

நாராயணபெருமாள் 4.48 என்று சொன்னார்.