கல்லறைக்குக் கீழே ஒரு தூண்

ஒந்த்ரேய் ஹ்ரப்சாக், கரிச் சுரங்கத்தில் புதிய இடத்துக்கு மாற்றப்பட்ட அன்று, மேஸ்திரி புரோசர் விளக்கைத் தூக்கிக் கூரையை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, போகிற போக்கில் ஒரு வார்த்தை சொன்னார்.

"மெதுவா தட்டுங்கப்பா. மேல உங்க ஆளுங்கதான் தூங்குறாங்க."

கூட வேலை செய்த காஸிஸ் சிரித்தான். அவன் லித்துவேனியாக்காரன், பல நாட்டார் பிழைக்க வந்த அந்த ஊரில் அவனுடைய ஆட்கள் தூங்குவது மறுகோடியில். ஒந்த்ரேய் சிரிக்கவில்லை. புரோசர் வெல்ஷ்காரர், யாரையாவது சீண்டாமல் அவருக்குப் பொழுது விடியாது, ஆகவே அவர் பேச்சை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. அவர் விளக்கு வளைவு திரும்பி மறைந்த பிறகுதான் ஒந்த்ரேய்க்குப் பிடிபட்டது. தலைக்கு மேலே இருப்பது அவனுடைய ஸ்லோவாக் ஆட்களின் மாதாகோவில் கல்லறைத் தோட்டம். அதன் கிழக்குச் சரிவில், வேலியோரத்தில், அவன் மகள் லுத்மிலா இருக்கிறாள்.

அன்று அவன் மண்வெட்டி வேலை செய்ததே தவிர அவன் வேலை செய்யவில்லை.

லுத்மிலா போய் இரண்டு குளிர்காலம் கடந்திருந்தது. தொண்டை அடைப்பான். காலையில் அவன் வேலைக்குக் கிளம்பும்போது வெறும் இருமல்தான் இருந்தது. சேதி சொல்ல ஓடிய பக்கத்து வீட்டுக்காரர் தவறான சுரங்க வாயிலில் போய் நின்றார். அவன் வீடு திரும்பியபோது குழந்தைக்கு வெள்ளைக் கவுன் மாட்டியாகிவிட்டது. முகமெல்லாம் கரியாக, கையெல்லாம் கரியாக அவன் குனிந்து அவள் கன்னத்தைத் தொடப் போனான். மனைவி ஜோஃபியா குறுக்கே வந்து, "அந்தக் கையோட தொடாத," என்றாள்.

அவள் வேறு எதையும் நினைத்துச் சொல்லவில்லை. கவுன் அழுக்காகிவிடுமே என்றுதான் சொன்னாள். அவனுக்கும் அது தெரியும். ஆனாலும் அந்த ஒரு வார்த்தை வீட்டுக்குள் தங்கிவிட்டது. அன்று முதல் அவன் வேலை முடிந்து வந்தால் அடுக்களையில் வெந்நீர்த் தொட்டி இருக்கும், சோப்பு இருக்கும், அவள் இருக்கமாட்டாள். முன்பெல்லாம் அவள்தான் முதுகு தேய்த்துவிடுவாள். இப்போது கதவுக்கு அந்தப்பக்கம் உட்கார்ந்து உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருப்பாள். சண்டை இல்லை. பேச்சும் இல்லை. இரண்டு பேரும் ஒரே வீட்டில் ஆளுக்கொரு பனிமூட்டத்தில் நடமாடினார்கள்.

புதிய இடம் ஒந்த்ரேயை மெல்ல மெல்ல வசப்படுத்தியது. சாப்பாட்டு வேளையில் மற்றவர்கள் காற்றோட்டமான பெருவழிக்குப் போய்விடுவார்கள். அவன் மட்டும் பெரிய தூணுக்குக் கீழே உட்கார்ந்துகொள்வான். கரியை வெட்டிக்கொண்டு போகும்போது மலையைத் தாங்குவதற்காக வெட்டாமல் விட்டுவைக்கும் கரிதான் தூண். அந்த இடத்துத் தூண் ஒரு வீட்டின் அகலம் இருக்கும். அதில் முதுகைச் சாய்த்து, விளக்கைத் தணித்து, கசகசா ரொட்டியைப் பிட்டுத் தின்பான். எங்கோ கூரையிலிருந்து தண்ணீர் சொட்டும். சொட்டு, சற்று நிறுத்தம், மறுபடி இரண்டு சொட்டு. கயிறு தாண்டுகிற குழந்தையின் கால் அப்படித்தான் விழும். தண்ணீர்தான் என்று அவனுக்குத் தெரியும். தெரிந்துகொண்டே கேட்டுக்கொண்டிருப்பான். சில நாள் வாய்விட்டுப் பேசவும் செய்தான்: வெளியே பனி உருக ஆரம்பித்துவிட்டது, பூனை குட்டி போட்டிருக்கிறது, அம்மா இன்னும் உன் தொப்பியை ஆணியிலிருந்து எடுக்கவில்லை.

காஸிஸ் ஒருநாள் பாதியில் திரும்பி வந்தவன் இதைக் கேட்டுவிட்டான். ஒன்றும் கேட்காமல், மறந்துபோன தண்ணீர்க் குவளையை எடுத்துக்கொண்டு போனான். மறுநாளிலிருந்து வளைவுக்கு அந்தப்பக்கம் வரும்போதே இருமிக்கொண்டு வந்தான்.

வசந்தத்தில் ஒரு மாலை, தொட்டியில் உட்கார்ந்திருந்தபடியே ஒந்த்ரேய் கதவைப் பார்த்துச் சொன்னான். "ஜோஃபியா, நான் இப்ப அவளுக்குக் கீழதான் வேலை பாக்கறேன்."

கத்தியின் சத்தம் நின்றது. நாற்காலி நகர்ந்தது. அவள் வந்து வாசலில் நின்றாள்.

"எவ்வளவு கீழ?"

"மாதாகோவில் கோபுரத்தத் தலகீழா நட்டா எவ்வளவோ, அவ்வளவு."

அவள் சட்டைக் கையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு, சோப்பை எடுத்து, அவன் முதுகைத் தேய்க்க ஆரம்பித்தாள். தேய்த்து முடித்துத் துணியைப் பிழியும்போது கேட்டாள்: "என்னையும் கூட்டிட்டுப் போறியா?"

பெண் காலடி சுரங்கத்துக்குள் பட்டால் மலைக்கு ஆகாது என்பார்கள். வேலைக்குப் போகிற வழியில் ஒரு பெண் எதிரே வந்தாலே போதும், பாதிப் பேர் சாப்பாட்டு வாளியோடு வீட்டுக்குத் திரும்பிவிடுவார்கள். ஒந்த்ரேய் இதையெல்லாம் எடுத்துச் சொல்லவில்லை. அவளும் அதே ஊரில் பிறந்து வளர்ந்தவள்தான்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஊர் சாப்பிட்டு உறங்குகிற வேளையில் இருவரும் மலையேறினார்கள். புதர்களுக்குப் பின்னால், சுரங்கத்துக்குள் போகிற ஒரு பழைய குகைவாய் உண்டு. வீட்டு அடுப்புக்குக் கரி பொறுக்குகிறவர்களுக்கு மட்டும் பழக்கமான வழி. ஜோஃபியா அவனுடைய பழைய கோட்டைப் போட்டுக்கொண்டு, காலில் தன் ஞாயிற்றுக்கிழமைச் செருப்போடு குனிந்து நுழைந்தாள். உள்ளே காற்று அடங்கி, ஒரே சீராக, குளிரும் இல்லாமல் வெப்பமும் இல்லாமல் இருந்தது. பாலாடை நிறத்தில் பூஞ்சை படர்ந்த பழைய முட்டுக்கட்டைகள் வரிசையாக வந்து வந்து பின்னால் போயின. அவள் அவன் கோட்டு முனையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். எவ்வளவு தூரம் நடந்தோம் என்பது அவளுக்கு ஞாபகமில்லாமல் போனது. தூக்கத்தில் நடப்பதுபோல், நடப்பது தான்தானா என்ற சந்தேகம்கூட வந்தது.

பெரிய தூணுக்கு வந்ததும் அவன் நின்று விளக்கை உயர்த்தினான்.

கூரை முழுவதும் இலைகள். கரிக்கு மேலிருந்த கறுப்புக் கல்லில், வெள்ளி பூசினாற்போல், பெரணி இலைகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து கிடந்தன. மனிதர் யாரும் பிறக்காத காலத்தில் கல்லில் பதிந்துபோன இலைகள், ஒரு நரம்புகூடக் கெடாமல். ஒந்த்ரேய் தினமும் பார்க்கிறவன், அவளிடம் சொல்ல நினைத்திருக்கவில்லை. அவளோ அண்ணாந்தபடியே நின்றாள்.

"யாரு பரப்பி வெச்சாங்க?" என்று கேட்டாள், கேட்டபிறகுதான் தன் கேள்வியின் அசட்டுத்தனம் அவளுக்கே புரிந்தது. ஆனால் அவன் சிரிக்கவில்லை.

"தெரியல. நாங்க வர்றதுக்கு முந்தியே இருந்துச்சு."

அவள் ஒரு கரிப்பாளத்தின்மேல் ஏறி நின்று, இரண்டு உள்ளங்கைகளையும் கூரையில் பதித்தாள். குழந்தைக்குக் காய்ச்சல் பார்க்கிறவளைப்போல அசையாமல் நின்றாள். தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அவனும் பக்கத்தில் ஏறி நின்று கைகளை வைத்தான். இறங்கும்போது நாலு கையும் ஒரே கறுப்பாக இருந்தது. அவள் தன் கைகளை விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு அவன் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அவனிடம் சொல்ல வேண்டியிருந்த எல்லாவற்றையும் சொல்லி அழுதாள். அந்தப் பேச்சு அவர்கள் இருவருடையது.

கோடையின் தொடக்கத்தில் உத்தரவு வந்தது. ஊருக்கு ஊர் எண்ணெய் அடுப்பு வந்துகொண்டிருந்தது, கரி வாங்க ஆளில்லை. புதிதாக வெட்டிச் செலவு செய்ய முதலாளிகளுக்கு மனமில்லை. இருக்கிற தூண்களை எடுத்துக்கொண்டு மூடிவிடலாம் என்று முடிவு செய்தார்கள். தூணும் கரிதானே. தூணை எடுத்தால் கூரை இறங்கும், கூரை இறங்கினால் அதற்கு மேலே இருப்பதும் இறங்கும்.

புரோசர் இதைச் சொல்லும்போது ஒந்த்ரேயின் முகத்தைப் பார்க்காமல், பக்கத்து முட்டுக்கட்டையைத் தட்டிக்கொண்டே சொன்னார்.

"நான் எடுக்கமாட்டேன், மேஸ்திரி," என்றான் ஒந்த்ரேய்.

"நீ எடுக்கலன்னா இன்னொருத்தன் எடுப்பான். நான் சொல்லலன்னா என் எடத்துல இன்னொருத்தன் வந்து சொல்லுவான். திங்கக்கெழம ஆரம்பிக்கணும்."

அவரைக் குறை சொல்ல ஒந்த்ரேய்க்குத் தோன்றவில்லை. வீட்டுக்கு வந்து ஜோஃபியாவிடம் நடந்ததை நடந்தபடி சொன்னான். அவள் முட்டைக்கோஸ் இலையில் இறைச்சியை வைத்துச் சுருட்டிக்கொண்டிருந்தாள். சுருட்டுவதை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டாள்.

திங்கட்கிழமை விடியும்போது பள்ளத்தாக்கு முழுக்க மூடுபனி. கரிக்குப்பை மேடுகளும், கரி உடைக்கும் ஆலையும், மாதாகோவிலும் கரைந்துபோயிருந்தன. வேலைக்குப் போகிறவர்கள் ஒருவர் இருமலை ஒருவர் அடையாளம் வைத்துக்கொண்டு ஒற்றையடிப் பாதையில் ஏறினார்கள். முன்னால் போன காஸிஸ் சட்டென்று நின்றான். பாதையின் நடுவே, தலையில் முக்காடும் தோளில் சால்வையுமாக ஜோஃபியா நின்றுகொண்டிருந்தாள்.

"ஜோஃபியா, வீட்டுக்குப் போம்மா," என்றான் காஸிஸ். "நாங்க ஒன்னப் பாக்கலன்னு வெச்சுக்கறோம்."

"நல்லாப் பாத்துக்க, காஸிஸ். நாந்தான்."

அவன் பார்த்தான். பின்னால் வந்தவர்களும் பார்த்தார்கள். ஒந்த்ரேயும் அந்தக் கூட்டத்தில்தான் நின்றான். அவனுக்குமே அவள் கிளம்பி வந்தது தெரியாது. காஸிஸ் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துவிட்டு, "அப்ப இன்னிக்கு அவ்வளவுதான்," என்று திரும்பி இறங்கத் தொடங்கினான். அவனுக்குப் பின்னால் எல்லோரும் இறங்கினார்கள்.

மறுநாள் அவளோடு பக்கத்து வீட்டுப் பெண்களும் நின்றார்கள். அதற்கு மறுநாள் பாதையின் இரு ஓரமும் பெண்கள். கணவனைப் புதைத்தவர்கள், தாயைப் புதைத்தவர்கள், அந்தத் தோட்டத்தில் யாரையும் புதைக்காத லித்துவேனிய மனைவிகளும்கூட. கோஷம் இல்லை, அட்டை இல்லை. கையில் வேலை இல்லாமல் அவர்கள் அத்தனை பேர் ஒன்றாக நின்றதை ஊர் அதற்குமுன் பார்த்ததில்லை. பனி அவர்களைச் சில நேரம் மறைக்கும், சில நேரம் முக்காடுகளை மட்டும் காட்டும்.

அலுவலகத்திலிருந்து வந்து விசாரித்தார்கள். வேலைநிறுத்தமா என்றால் இல்லை என்றார்கள் ஆட்கள். சங்கம் சொல்லிற்றா என்றால் சங்கத்துக்கு ஒன்றுமே தெரியாது. "எதுக்க பொம்பள வந்தா எப்படிங்க எறங்கறது?" என்று ரொம்பப் பணிவாகக் கேட்டார்கள். அதில் பாதி நம்பிக்கை, பாதி சாக்கு. எந்தப் பாதி எது என்று அவர்களுக்கே தெரிந்திருக்காது.

டர்கின் என்ற அயர்லாந்துக்காரன் மட்டும் ஒருநாள் துணிந்து பெண்களைத் தாண்டி உள்ளே போனான். அவனுக்கு வேறு ஊர், வீட்டில் வாய்கள் அதிகம். அவனை யாரும் ஏசவில்லை, வழிவிட்டார்கள். மதியத்துக்குள் அவன் வெளியே வந்து, ஒரு கல்லில் உட்கார்ந்து, புகையிலையை எடுத்து வாயில் அடக்கிக்கொண்டான். என்ன ஆயிற்று என்று கேட்டவர்களிடம், "யாரும் இல்லாம உள்ள ரொம்ப அமைதியா இருக்குது," என்று மட்டும் சொன்னான். மறுபடி அவன் போகவில்லை.

வாரக்கடைசியில் புரோசர் பாதையேறி வந்து ஜோஃபியாவுக்கு நேரே நின்றார். பனி விலகி வெயில் வந்திருந்தது. அவர் அவள் முகத்தைப் பார்க்காமல் காலைப் பார்த்தார்.

"சின்னக் காலு ஒனக்கு," என்றார். "ஒரு திங்கக்கெழம காலையில உள்ள தூசியில பாத்தேன். பெரிய தூண் பக்கத்துல. நாந்தான் பூட்ஸால அழிச்சுட்டேன்."

ஜோஃபியா காலைப் பாவாடைக்குள் இழுத்துக்கொண்டாள். அன்று முதலே அவருக்குத் தெரியும். சொல்லியிருந்தால் ஒந்த்ரேய்க்கு அன்றே வேலை போயிருக்கும்.

"அந்தப் பக்கம் எங்க சபைக்காரங்க கல்லறைக்குக் கீழ தூண வெட்டினப்ப நான் சின்னவன்," என்றார் புரோசர். "யாரும் வந்து நிக்கல. யாருக்கும் தோணல."

அவர் நேரே அலுவலகத்துக்குப் போய், பெரிய தூண் இருக்கிற பகுதியில் கூரை மோசம், ஆளை அனுப்பினால் பிணத்தைத்தான் எடுக்கவேண்டியிருக்கும் என்று அடித்துச் சொன்னார். நாற்பது வருடம் மலைக்குள் கழித்தவர் சொன்னதை மேசைக்குப் பின்னால் இருந்தவர்கள் மறுக்கவில்லை. அன்றைக்கே அந்த வழியின் குறுக்கே பலகை அடித்து மூடினார்கள். ஆணி அடித்தவர்களில் ஒந்த்ரேயும் ஒருவன். கடைசிப் பலகைக்கு முன்னால் அவன் விளக்கை உள்ளே நீட்டி ஒருமுறை பார்த்துக்கொண்டான்.

கூரை நிஜமாகவே மோசமா என்று பிறகு ஒருநாள் அவன் கேட்டான். "எல்லாக் கூரையும் மோசந்தான்," என்றார் புரோசர்.

மற்ற தூண்களையெல்லாம் எடுத்தார்கள். ஆட்கள் அதற்குத் தடை சொல்லவில்லை, அடுப்பு எரியவேண்டுமே. ஒந்த்ரேயும் எடுத்தான். இலையுதிர்காலத்தில் மலையின் மேற்குப்பக்கம் மெல்ல உட்கார்ந்தது. பெரிய சத்தம் எதுவும் கேட்கவில்லை. அலமாரியில் பீங்கான் கிணுகிணுத்தது, நாய்கள் எழுந்து நின்றன, அவ்வளவுதான். காலையில் பார்த்தால் கல்லறைத் தோட்டத்தின் மேற்கு வேலிக்கு அந்தப்புறம் கெர்லாக் என்பவர் வீட்டுப் பிளம் தோப்பு முழுவதுமாகக் கீழே போயிருந்தது. ஒரு மரமும் சாயவில்லை. நின்ற வாக்கிலேயே வரிசை குலையாமல், லிஃப்டில் போவதுபோல் இறங்கியிருந்தன. வேலிக்கு இந்தப்புறம் கல்லறைகள் எல்லாம் இருந்த இடத்தில் இருந்தன.

அந்தத் தோப்பு பட்டுப்போய்விடும் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அடுத்த வசந்தத்தில் பூத்தது. பள்ளத்தின் விளிம்பில் நின்று பார்த்தால் பூக்கள் காலுக்குக் கீழே, கரை வரைக்கும் நிரம்பிய வெள்ளைக் குளமாக ஆடின. தேனீக்களைக் குனிந்து பார்க்கவேண்டியிருந்தது.

ஆகஸ்டில், சுரங்கம் மூடி ஒந்த்ரேய்க்கு வேலை இல்லாமல் இருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, லுத்மிலாவைப் பார்த்துவிட்டு வரும் வழியில் ஜோஃபியா விளிம்பில் நின்றாள். உச்சிக்கிளைகளில் பழம் கறுத்துத் தொங்கியது. அவள் செருப்பைக் கழற்றிவிட்டு, புல்லில் குப்புறப் படுத்து, கையைக் கீழே நீட்டினாள். எட்டவில்லை. இன்னும் கொஞ்சம் நகர்ந்தாள். ஒந்த்ரேய் அவள் கணுக்கால் இரண்டையும் பிடித்துக்கொண்டான்.

"கெட்டியாப் பிடி," என்றாள் அவள், தலை கீழே தொங்க, மரத்துக்குள்ளிருந்து.

பிடித்துக்கொண்டிருந்தான். அவள் ஒவ்வொரு பழமாகப் பறித்து, பின்பக்கமாகப் புல்லில் எறிந்துகொண்டே இருந்தாள்.