தேயிலைக்குள் கப்பித்தான்

வட்டவளையில் மழை பெய்கிறது என்று சொல்பவர்கள் வெளியூர்க்காரர்கள். பெய்கிற மழை எப்போதாவது நிற்கும். எங்கள் தேயிலைத் தோட்டத்து மழை பெய்வதில்லை, குடியிருக்கிறது. எழுபத்தாறாம் வருஷம் தோட்டத்து வரிசை வீடான எங்கள் லயத்தில் மாட்டியிருந்த அந்தோனியார் படத்துக்குத் தாடி முளைத்தது. பூஞ்சணந்தான். ஆனாலும் புதுமை என்று சொல்லி நாலு பேர் மெழுகுதிரி கொளுத்தினார்கள். சூட்டில் தாடி உதிர்ந்தது. திரி அணைந்ததும் மறுபடி வளர்ந்தது. நான் மாரியம்மன் கோயில்காரன். இருந்தாலும் அவருக்கு இரண்டு தடவை சவரம் செய்துவிட்டவன் நான்தான்.

இப்பேர்ப்பட்ட ஊரில்தான் சூசைரட்ணம் ஒரு பொம்மையைக் கெட்டுப்போகாமல் வைத்திருக்கப் பார்த்தான்.

சூசைரட்ணம் பங்களாவில் சமையல்காரன். தோட்டத்தை அரசாங்கம் எடுத்தபோது வெள்ளைக்காரத் துரை குடும்பத்தோடு கப்பலேறினார். அவருடைய மகன் விட்டுப்போன பொம்மை சூசைரட்ணத்தின் மகன் கஸ்பருக்கு வந்தது. ஒரு முழம் உயரத்தில் ஒரு பட்டாளத்தான். கழுத்து திரும்பும், முழங்கை மடங்கும், முழங்கால் மடங்கும். எங்கள் லயத்துப் பெருசுகளில் பாதிப் பேருக்கு அது முடியாது. கஸ்பர் அதற்குக் கப்பித்தான் என்று பெயர் வைத்தான். லயத்து நாய்கள் அதைப் பார்த்தால் எழுந்து நின்று வழிவிடும். நான் பார்த்திருக்கிறேன்.

அடுத்த வருஷமே, இரண்டு நாட்டு ஒப்பந்தப்படி, சிசிலியும் கஸ்பரும் இந்தியாவுக்குப் போகவேண்டி வந்தது. சிசிலி சூசைரட்ணத்தின் சம்சாரம். அவளுடைய அப்பா இந்தியப் பிரஜையாக எழுதிக் கொடுத்தவர், அவர் குடும்பத்தோடு அவள் பெயரும் பிள்ளை பெயரும் வந்துவிட்டன. சூசைரட்ணத்தின் அப்பா இலங்கையிலேயே இருக்கப் போவதாக எழுதிக் கொடுத்தவர். "அவங்க முன்னால போகட்டும், ஒன் பேரு பின்னால வரும்" என்று ஆபீசில், எங்கள் பேச்சில் கந்தோரில், சொன்னார்கள். சொன்னவர் நல்ல மனுஷர், அடுத்த மாசமே மாற்றலாகிப் போய்விட்டார்.

ஸ்டேஷனில் கோச்சிக்கு நிற்கும்போது கஸ்பர் பொம்மையை அப்பனிடம் கொடுத்தான். துறைமுகத்தில் வெளிநாட்டுச் சாமானையெல்லாம் பிடுங்கிக்கொள்வார்கள் என்று யாரோ அவனிடம் சொல்லியிருக்கிறார்கள்.

"அப்பா, நீங்க வாறப்ப கொண்டாங்க. இதே மாதிரி இருக்கணும்."

"இதே மாதிரி கொண்டாறேன்டா."

"கீறல் விழக்கூடாது."

"விழாதுடா."

கோச்சி போய்விட்டது. அன்றைக்கு மழை நின்றிருந்தது என்று சிலர் சொல்வார்கள். பொய்.

மூன்றாம் மாசம் கப்பித்தானுக்கு வியர்த்தது. கையால் தொட்டால் பிசுபிசுவென்று ஒட்டியது. மூக்கு நுனியில் பச்சை பூத்தது. சூசைரட்ணம் துடைத்தான், பவுடர் போட்டான். பவுடரும் பிசினும் சேர்ந்து கப்பித்தான் மாவில் பிரட்டிய வாழைக்காய் மாதிரி ஆனான். அடுப்புக்கு மேலே, நெத்தலிக் கருவாட்டுக்குப் பக்கத்தில் கட்டித் தொங்கவிட்டான். ஒரு வாரத்தில் ஈரம் போனது. கருவாட்டு வாசம் வந்தது. லயத்துப் பூனைகள் எல்லாம் அவனுடைய ஒற்றை அறைக் காம்பரா வாசலில் வரிசையாக உட்கார்ந்து விரதம் இருந்தன.

பக்கத்துக் காம்பரா வேலாயி சும்மா இருப்பாளா? "சூச, கப்பித்தானுக்குப் புளி கரைச்சு ஊத்து. சோத்துக்காவது ஆகட்டும்."

"வாய மூடு வேலாயி. எம்புள்ள சாமான் அது."

"ஒன் புள்ள அங்க மீச மொளைச்சு நிப்பான். நீ இங்க பொம்மைக்கு மூஞ்சி கழுவு."

"அவனுக்கு எட்டு வயசுடி!"

"எப்பவுமா?"

 சூசைரட்ணம் பொம்மையை எடுத்துக்கொண்டு நேராக என்னிடம் வந்தான். நான் அப்போது ஸ்டோரில், அதாவது தேயிலை ஆலையில், இலை காயவைக்கிற அடுப்புக்கு நெருப்புப் போடுகிறவன். தோட்டத்திலேயே ஈரமில்லாத இடம் அது ஒன்றுதான். நான் அங்கே வேலை செய்த வருஷங்களில் எனக்குக் கண்ணீரே வந்ததில்லை. வருவதற்குள் காய்ந்துவிடும்.

"சோலமல அண்ணே, இத உங்க அடுப்புக்குப் பக்கத்துல வைக்கலாமா?"

"வச்சா உருகி, துரை மெழுகுதிரியாயிடுவாரு. வேற வழி இருக்கு."

வழி இதுதான். அடுப்பிலிருந்து அப்போதுதான் இறங்கிய தேயிலை சரியான குடிகாரன். பக்கத்தில் கிடக்கிற ஈரத்தையெல்லாம் உறிஞ்சிவிடும். அதற்காகத்தான் கப்பலில் அனுப்பும்போது உள்ளே ஈயத்தாள் ஒட்டிய பலகைப் பெட்டியில் போட்டு அடைப்பது. ஒரு பழைய பெட்டியில் சுடச்சுடத் தேயிலையைக் கொட்டி, நடுவில் கப்பித்தானைப் படுக்கவைத்து, மேலேயும் கொட்டி, ஆணி அடித்துவிட்டால் உள்ளே காற்றும் போகாது, ஈரமும் போகாது.

"எப்ப தொறந்து பாக்குறதுண்ணே?"

"தொறக்கவே கூடாது. தொறந்தா வட்டவள உள்ள போயிடும்."

கூட்டிப் பெருக்கிய கழிவுத் தேயிலைதான் கொடுத்தேன். ஆனால் சுடச்சுடக் கொடுத்தேன். சூசைரட்ணம் ஆணி அடித்து, விளிம்பெல்லாம் மெழுகு ஊற்றி, காம்பராவில் தன் தலைமாட்டில் வைத்துக்கொண்டான்.

முதலில் வந்த கடிதங்களில் கஸ்பர், "கப்பித்தான் சுகமா?" என்று கேட்பான். "சுகம், நித்திரை கொள்கிறார்" என்று இவன் எழுதுவான். பிறகு சிசிலி மட்டும் எழுதினாள். கப்பலில் வந்தவர்களைத் தங்கவைத்த மண்டபம் முகாமை விட்டுக் கொடைக்கானல் பக்கம் ஏதோ மலையில் மரம் வெட்டப் போகிறார்களாம். பிறகு அவளும் எழுதவில்லை. அந்த மலைக்கு இவன் எழுதியதெல்லாம் திரும்பி வந்தது. "அங்கயும் மழயா இருக்கும்ணே. கடுதாசி நனஞ்சிருக்கும்" என்றான்.

எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில் ரோட்டோரத் தமிழர் கடைகள் எரிந்தன. ஆட்கள் வருகிறார்கள் என்று யாரோ கத்த, நாங்கள் லயத்தை விட்டுத் தேயிலைச் செடிகளுக்குள் ஓடினோம். வேலாயி சேவலைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். நான் அவசரத்தில் வேலாயியின் பாயைத் தூக்கிக்கொண்டு ஓடினேன், அதைப்பற்றி அவள் இன்னும் பேசுகிறாள். சூசைரட்ணம் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு ஓடினான். மழை கொட்டியது. தன் கம்பளியைக் கழற்றிப் பெட்டியைப் போர்த்திவிட்டு, அதன் பக்கத்தில் வெறும் உடம்போடு குந்தியிருந்தான்.

"கம்பளிய நீ போத்துடா, செத்துப்போவ" என்றேன்.

"பரவாயில்லண்ணே. எனக்குள்ள ஈயத்தாள் இல்லதான், ஆனா தாங்குவேன்."

அன்றைக்கு ஆட்கள் எங்கள் பக்கம் வரவில்லை. மழையில் வழி தெரியவில்லை போலிருக்கிறது. காய்ச்சல் மட்டும் வழி தெரிந்து வந்து சூசைரட்ணத்தை ஒரு மாசம் படுக்கவைத்தது.

அடுத்த வருஷம் அவன் பெயர் வந்தது. நிஜமாகவே வந்தது. சூசைரட்ணம் சவரம் செய்து, பங்களாவில் சொல்லிக்கொண்டு, பெட்டிக்குக் கயிறு கட்டினான். கப்பலேறத் தலைமன்னாருக்குப் போகிற நாளைக் கேட்கக் கந்தோருக்குப் போனவன் மத்தியானமே திரும்பிவிட்டான்.

"என்னடா?"

"கப்பல் நின்னு போச்சாம்ணே."

"எங்க நின்னுச்சு?"

"நின்னே போச்சாம். வடக்குல சண்டயாம். இனி ஓடாதாம்."

"பிளேன்ல போகச் சொல்றாங்களா?"

"அந்த மலைக்குப் பிளேன் எறங்குமாண்ணே?"

எந்த மலை என்று அவனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. வேலாயி கூட ஒன்றும் சொல்லவில்லை. அவள் பேசாமல் இருந்ததை நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். தேயிலைச் செடிகள் தலையைத் திருப்பிப் பார்த்தன.

சூசைரட்ணம் பெட்டி முன்னால் உட்கார்ந்து கயிற்றை அவிழ்த்தான். பிறகு ஒவ்வோர் ஆணியாகப் பிடுங்கினான். நான் தடுக்கவில்லை. எட்டு வருஷத் தேயிலையைக் கையால் தள்ளிக் கப்பித்தானைத் தேடினான்.

முகம் அப்படியே இருந்தது. கீறல் இல்லை, பிசின் இல்லை, பூஞ்சணம் இல்லை. தேயிலை ஈரத்தைக் குடித்ததோடு நிற்காமல் தன் சாயத்தையும் கொடுத்திருந்தது. வெள்ளைக்காரக் கப்பித்தான் நம் கங்காணி நிறத்தில் இருந்தார். "நம்மாளாயிட்டாரே!" என்று வேலாயி வாயைத் திறந்தாள். சூசைரட்ணமும் கொஞ்சம் சிரித்தான். "அவனுக்கு இது புடிக்கும்" என்று சொல்லிக்கொண்டே இடுப்பைப் பிடித்துத் தூக்கினான்.

இடுப்பு மட்டும் வந்தது.

தலை தேயிலைக்குள்ளேயே இருந்தது. கைகள் ஒரு பக்கம், கால்கள் ஒரு பக்கம். உள்ளே எல்லாவற்றையும் இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்த ரப்பர் நாடா இற்றுப்போய்ப் பொடியாக உதிர்ந்தது. ஈரம் படாத ரப்பரும் கிழடு தட்டும் என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் வேறு வழி எதுவும் சொல்லியிருக்க மாட்டேன்.

"இதென்ன பெரிய விசயமா? சைக்கிள் டியூப வெட்டிக் கோத்தா எழும்பி நிப்பாரு. இல்லாட்டி என் காற்சட்ட நாடா இருக்கு. நல்ல நாடா, தீபாவளிக்கு வாங்கினது."

"வேணாம்ணே."

"ஏன்டா? முழங்கை மடங்கும், கழுத்து திரும்பும்."

"அது புது நாடாவுல மடங்குறது. அவன் குடுத்த மாதிரி இருக்காது."

ஒரு கையை எடுத்து வைத்துக்கொண்டு அது வலதா இடதா என்று வெகுநேரம் பார்த்தான். பிறகு எல்லாவற்றையும் ஒரு துணியில் துடைத்துத் தரையில் அடுக்கினான். தலை மேலே, கைகள் பக்கத்தில், கால்கள் கீழே. நடுநடுவே விரல் அகலம் இடைவெளி. பழைய தேயிலையை ஒரு சாக்கில் கொட்டினான். வேலாயி அதில் ஒரு பிடி எடுத்துப் போய்த் தண்ணீர் கொதிக்கவைத்துப் போட்டுவந்தாள். மூவரும் குடித்தோம். சாயம் இருந்தது, வேறொன்றும் இல்லை. ஆனால் குடித்து முடித்தோம்.

கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, சூசைரட்ணம் பெட்டிக்குள் கைவிட்டு ஈயத்தாளைத் தடவிப் பார்த்தான். எங்கேயும் ஓட்டையில்லை.

"அண்ணே, நாளைக்குக் கொஞ்சம் தேயில கொண்டாங்க."

"என்னத்துக்குடா?"

"மறுபடி மூடி வைக்கணும். நல்லா சூடா இருக்கும்போதே கொண்டாங்க. போன தடவ வழியில கொஞ்சம் ஆறிப்போச்சுன்னு நெனைக்கிறேன்."

ஆறவில்லை. நான் ஓடிவந்து கொடுத்த தேயிலை அது. மறுநாள் அதைவிட வேகமாக ஓடினேன்.