மதுவத்துக்கு ஐஸ்

செங்கலடிச் சந்தியில் மீன் விற்கும் மர்சூக் காக்கா ஐஸை உடைத்துப் பையில் போட்டுத் தந்தார்.

"மிஸ், மீன விட்டுத்து ஐஸ மட்டும் வாங்குற ஆள் இந்தச் சந்தியில நீங்க ஒராள்தான்."

சிரித்துவைத்தேன். அவரிடம் என்னத்தைச் சொல்ல? நான் வந்தாறுமூலை வளாகத்தில் விரிவுரையாளர். நான் வளர்ப்பது மதுவம். அப்பத்துக்கு மாப் புளிக்கவைக்கிற அதே ஈஸ்ட்தான். அதனுள்ளே பொஸ்பட்டேஸ் என்று ஒரு நொதியம். சில புரதங்களின் மேல் பொஸ்பேற்றை ஒட்டினால்தான் உயிர்க்கலம் இரண்டாகப் பிரியத் தொடங்கும். ஒட்டியதைக் கழற்றினால்தான் அந்த வேலை முடியும். கழற்றுவது இந்த நொதியத்தாருடைய உத்தியோகம். மதுவத்திலும் தவளையிலும் மனிதனிலும் ஏறக்குறைய ஒரே ஆள். கோடிக்கணக்கான வருடங்களாக இடமாற்றம் கிடைக்காத அரசாங்க ஊழியர்.

என்னிடம் இருந்த வகையில் அந்த நொதியம் பழுது. குளிரில் வேலை செய்யும், சூடேறினால் படுத்துவிடும். அப்போது கலம் எல்லாவற்றையும் இரண்டிரண்டாகச் செய்து முடித்த பிறகும், தாய்க்கலமும் மகட்கலமும் ஒட்டியபடியே நின்றுவிடும். பிரியவும் மாட்டாது, வளரவும் மாட்டாது. மட்டக்களப்பு வெயிலில் இதை வளர்க்கப் புறப்பட்டவளுக்குப் புத்தி மத்திமம் என்றுதான் சொல்லவேண்டும். மின்சாரம் நினைத்த நேரம் போகும். ஆகவே குளிரைப் பிடித்துவைக்க ஒரு ரெஜிபோம் பெட்டி, மீன்கடை ஐஸ். வளாகம் பூட்டும் நாட்களில் பெட்டியையும் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போவேன்.

வீட்டில் மாமி சின்னத்தங்கம் மட்டும். சுனாமியன்று காலை, "கரைவலை இழுக்கிறாங்களாம், நல்ல மீன் கிடந்தா வாங்கித்து வா மனே" என்று மகனைப் பெரியகல்லாற்றுக் கடற்கரைக்கு அனுப்பியவர். என் கணவர் கனகசிங்கம் திரும்பி வரவில்லை. உடலும் கிடைக்கவில்லை. பிறகு நாங்கள் இருவரும் செங்கலடியில் ஒரு வாடகை வீட்டுக்கு வந்துவிட்டோம். மாமி மீனைத் தொடவில்லை. நானும் தொடவில்லை. அதைப்பற்றி ஒருநாளும் பேசிக்கொண்டதில்லை. பருப்பும் கீரையுமாக நான்கு வருடத்துக்கு மேல் ஓடிவிட்டது. மீன் இல்லாத அந்தச் சோறுதான் எங்களைச் சேர்த்து வைத்திருந்தது. மாமியும் இல்லையென்றால் எனக்கென்று உலகத்தில் ஒருவரும் இல்லை.

சண்டை முடிந்துவிட்டதாக ரேடியோ திரும்பத் திரும்பச் சொன்ன மே மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் குளித்துவிட்டு வந்தேன். வீடு முழுக்க மாங்காய் போட்ட பாரைமீன் கறி வாசம். என் சாப்பாட்டுக் கோப்பையில் சோறும் மீனின் நடுத்துண்டும். மாமியின் கோப்பையில் வழமையான பருப்பு.

"இது என்ன மாமி?"

"தின்னு புள்ள. இனி ஒளிச்சித் தின்ன வேணாம்." மாமி சட்டியை மூடினார். "உன்ட சீலையில, பேக்கில, கையிலயெல்லாம் மீன் வாடைதான். எனக்கு எப்பயோ தெரியும்."

ஐஸ், பெட்டி, மதுவம் எல்லாம் நாக்கு நுனிவரை வந்தன. அதற்குள் மாமி கேட்டுவிட்டார்.

"ஆரு மனே அவர்?"

"எவர் மாமி?"

"மீன் ஆக்கிற வீட்டுக்காரர். கெம்பஸில படிப்பிக்கிறவரா?" குரலில் கோபம் இல்லை. "நான் கோவிக்கல்ல. சண்டையும் முடிஞ்சித்தாம். நீ எத்தின காலத்துக்குத்தான் இந்தக் கிழவியோட கிடப்பாய்? போறண்டா போ. எனக்கிட்டச் சொல்லித்துப் போ."

முதலில் சிரிப்புத்தான் வந்தது. இல்லாத ஒரு மனிதனுக்கு மாமி என்னைக் கட்டிக்கொடுத்துவிட்டார். பிறகு மூடிய சட்டியைப் பார்த்தேன். இந்த வார்த்தைகளைச் சொல்ல அவர் எத்தனை நாள் தனக்குள் பழகியிருப்பார்? மீன் வாங்க எப்படிச் சந்திக்குப் போனார்? அந்தக் கையால் எப்படிச் செதில் சீவினார்? அப்படி ஒருவர் இல்லை என்று சொன்னால் அவர் பட்ட பாடெல்லாம் வீண். தின்றால் அதுவே பதிலாகிவிடும். நான் போகிறவள் ஆகிவிடுவேன்.

"அவரு உன்ன நல்லாப் பாப்பாரா?"

மாமி என் கோப்பையைத் தன் பக்கம் இழுத்து, துண்டைப் பிட்டு, ஒவ்வொரு முள்ளாக எடுத்தார். பிறகு கோப்பையைத் திருப்பித் தள்ளிவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு கவளத்தை எடுத்து வாயில் வைத்தேன்.

மாமி தன் விரல்களை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்தார். கழுவப் போகவில்லை. அந்தக் கையை அப்படியே மடியில் வைத்துக்கொண்டார்.