மாலை போட்ட முகம்

பட்டாபிராம் வேதமுத்து ஏழெட்டு வருஷமாகச் சினிமாவில் இருந்தார். சுவரில் இருந்தார். கதாநாயகியின் செத்துப்போன அப்பாவாக, கண்ணாடிச் சட்டத்துக்குள், பொட்டும் மாலையுமாக. அம்பத்தூர் எஸ்டேட் கம்பெனிக்கு லீவு போட்டுவிட்டு, ஒரு வசனமாவது கிடைக்காதா என்று கோடம்பாக்கம் போனவரை உட்காரவைத்துப் போட்டோ எடுத்தார்கள். சாந்தமான முகம். உயிரோடு இருப்பவனுக்கு இவ்வளவு சாந்தம் எதற்கு என்று தோன்றியதோ என்னவோ, செட் சாமான்களை வாடகைக்கு விடுகிறவர் அதைச் சட்டம் போட்டு வைத்துக்கொண்டார். அப்புறம் போட்டோவுக்கு ஓய்வே இல்லை. ஆளைத்தான் யாரும் கூப்பிடவில்லை.

மனைவி ஜெயசீலிக்கு வயிறு எரிந்தது. கழுத்தில் தாலி இருக்கும்போதே, எவளோ ஒருத்தி தன் புருஷனுக்கு ஊதுவத்தி காட்டுவதை எத்தனை படத்தில்தான் பார்ப்பாள்? போதாததற்கு மாதா கோயிலில் பெண்கள், செத்ததுகூடப் போகட்டும், வேதக்காரர் பொட்டு வைத்துக்கொண்டா சாவார் என்று கேட்டுச் சிரித்தார்கள். ஒருநாள் முடிவாகச் சொல்லிவிட்டாள்.

“ஒரே ஒரு வாட்டி உசுரோட டிவில வந்து காட்டுங்க. இல்லாங்காட்டி இந்த நடிப்பத் தல முழுகிடுங்க.”

எண்பத்தெட்டில் வாய்ப்பு வந்தது. தூர்தர்ஷன் வாராந்திரத் தொடரில் குடும்ப டாக்டர். முழுசாக இரண்டு வசனம். பக்கத்தில் இருப்பவர் எழுந்து வேறு இடம் தேடுகிற அளவுக்கு மின்சார ரயிலிலேயே சொல்லிப் பார்த்தார். ஜெயசீலி தெரு முழுக்கச் சொல்லி வைத்தாள்.

வளசரவாக்கத்தில் ஷூட்டிங் வீடு. வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு கூடத்துக்குள் நுழைந்தால், சுவரில் அவரே இருந்தார். வாடகைச் சாமானோடு வந்துவிட்டிருந்தார். கதாநாயகி அதன்முன் அழுகிற கட்டத்தை முந்தின நாளே எடுத்துவிட்டார்களாம். அந்தப் போட்டோவைத் தூக்கிவிடுங்கள் என்று வேதமுத்து கெஞ்சினார். டைரக்டர் மரியாதையாகத்தான் பேசினார்.

“உங்க இடத்துல வேற ஆளப் போட்டுக்கலாம் சார். அதோட இடத்துல வேற போட்டோ போட முடியாது.”

கோட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வேதமுத்து போட்டோவையே முறைத்துக்கொண்டு நின்றார். தன் போட்டோமேலேயே பொறாமைப்பட்ட மனுஷன் உலகத்தில் அவர் ஒருவராகத்தான் இருக்கும். டைரக்டர் இரக்கப்பட்டு ஒரு வேலை கொடுத்தார். வீட்டு வேலைக்காரராக, முகம் தெரியாமல், போட்டோவுக்கு மாலை மாற்ற வேண்டும். தன் கையாலேயே தனக்கு மாலை போட்டுவிட்டு ரயில் ஏறினார். வீட்டில் விஷயத்தைச் சொல்ல வாய் வரவில்லை.

வியாழக்கிழமை வீடு கொள்ளாத கூட்டம். தொடர் ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் கதாநாயகி அழுதாள்; பக்கத்து வீட்டு ராணி, இந்தத் தடவையும் போய்ச் சேர்ந்துட்டாரா என்று முணுமுணுத்தாள். வேதமுத்து கதவோரம் தலை குனிந்து நின்றார். ஜெயசீலியின் முகத்தைப் பார்க்க அவருக்குப் பயமாக இருந்தது.

திரையில் ஒரு முதுகு வந்தது. இரண்டு கைகள் உயர்ந்து மாலையை எடுத்தன. ஜெயசீலி எழுந்து டிவிக்குக் கிட்டே போனாள்.

“போட்டோவப் பாக்காதீங்க, கையப் பாருங்க. எங்க ஊட்டுக்காரரு கை அது. உசுரோட கீறாரு.”

கூட்டம் கலைந்தது. அவள் மட்டும் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

“அடுத்த வாரமும் மாலை மாத்துவாங்களா?”

“சந்தன மாலை நல்லால்ல சார்னு சொல்லிப் பூமாலைக்கு ஏற்பாடு பண்ணிட்டுத்தான் வந்தேன்” என்றார் வேதமுத்து. “வாரா வாரம் வாடுமில்ல.”