மூங்கிலாறு வந்து சேரும் இடம்

அமாவாசை தவறாமல் ரெங்கநாயகி ஸ்ரீரங்கத்து அம்மா மண்டபத்துப் படித்துறைக்குப் போய்விடுவாள். காட்டூரிலிருந்து சத்திரம், சத்திரத்திலிருந்து ஸ்ரீரங்கம் என்று இரண்டு பஸ் மாற வேண்டும். படியில் உட்கார்ந்து காலைத் தண்ணீரில் விட்டுக்கொண்டு, கொண்டுபோன மல்லிகையை ஒவ்வொரு பூவாகக் காவேரியில் விடுவாள். மகள் கனிஷ்கா அந்தத் தண்ணீரில்தான் வந்துகொண்டிருக்கிறாள் என்று புருஷன் சிவராமன் சொல்லியிருந்தார்.

கனிஷ்கா ஜியாகிரபியில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். துறையூருக்கு மேலே பச்சைமலையில் மூங்கிலாறு என்று ஒன்று. ஆறு என்பதெல்லாம் சும்மா மரியாதைக்கு. கோடையில் ஆட்டுக்குட்டி தாண்டிவிடும். உலகத்தில் எத்தனையோ ஆறு இருக்க, இவள் போய் அதைப் பிடித்துக்கொண்டாள். பாறைக்கு அடியில் வெறும் ஈரமாகக் கசிந்து, மூங்கில் காட்டுக்குள் இரண்டு மூன்று ஓடைகளைச் சேர்த்துக்கொண்டு, மலையின் கடைசி ஊரைத் தாண்டியதும் தடதடவென்று சரிவில் இறங்குகிற ஆறு அது. சிநேகிதி பானுவோடு பாதி நாள் மலையில்தான் கிடப்பாள். வீட்டுக்கு வந்தால் அப்பாவுக்குப் பாடம் நடக்கும். தட்டில் சோற்றை மலையாகக் குவித்து, உச்சியில் சாம்பாரை ஊற்றி, "இந்தப் பக்கம் விழுந்தா வெள்ளாறுப்பா, இந்தப் பக்கம் விழுந்தா என் ஆறு" என்பாள். பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஊரையே மிரட்டுகிற சிவராமன், மகள் தட்டைக் குழந்தை மாதிரி பார்த்துக்கொண்டிருப்பார்.

"சோத்துல என்னடி விளையாட்டு?" என்று கத்திவிட்டு ரெங்கநாயகி அடுப்படிக்குள் போய்விடுவாள். அந்தப் பாடத்தை அவள் முழுசாகக் கேட்டதே இல்லை. இப்போது நினைத்தால் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

தை மாதம் கனிஷ்கா காய்ச்சல் என்று படுத்தாள். ஆஸ்பத்திரியில் சேர்த்த மறுநாளே தூக்கிக்கொண்டு வந்தார்கள். இருபத்துநாலு வயசு.

பெண்கள் சுடுகாட்டுக்கும் வரக் கூடாது, சாம்பல் கரைக்கவும் வரக் கூடாது என்று வகுத்தவர் யாரோ, அவருக்குப் பிள்ளை பெற்ற வயிறு இருந்திருக்காது. சிவராமன்தான் தம்பியோடு போனார். ஸ்ரீரங்கத்துக்குத்தான் போயிருக்கிறார் என்று இவள் நினைத்துக்கொண்டிருக்க, மனுஷன் இருட்டுகிற நேரத்துக்கு மலையிலிருந்து திரும்பினார்.

"காவேரி காலடியில இருக்க, அங்க எதுக்குங்க கொண்டு போனீங்க?"

"அவ ஆறு அதுதான ரெங்கம்மா. அங்கேருந்து எறங்கி காவேரியிலதான் வந்து சேரும். அம்மா மண்டபத்துக்கே வந்துருவா."

ரெங்கநாயகி நம்பினாள். பிறந்து வளர்ந்ததெல்லாம் ஸ்ரீரங்கம். அங்கே பிறந்தவளுக்குத் தண்ணீர் என்றால் காவேரி. வடக்கே கொள்ளிடம் என்று ஒன்று ஓடுவது வெள்ளம் வந்தால்தான் ஞாபகம் வரும். சின்ன வயசில் தான் விளையாடிய படிக்கட்டை மகள் தொட்டுக்கொண்டு கடலுக்குப் போய்ச் சேர்ந்தால் அவளுக்குப் போதும். அப்படிச் சேர்ந்துவிட்டால் பிள்ளைக்கு ஒரு குறையும் இல்லை. அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் காலையில் எழுந்திருக்கிறாள்.

ஆவணியில் பானு வீட்டுக்கு வந்தாள். கனிஷ்காவின் படத்தின் முன்னால் கொஞ்ச நேரம் நின்று அழுதாள். காப்பி கொடுத்துவிட்டு ரெங்கநாயகி அமாவாசைக் கதையைச் சொன்னாள். பானு யோசிக்காமல் வாயை விட்டாள்.

"அம்மா மண்டபத்துக்கா? அந்தத் தண்ணி அங்க வராதேம்மா. வந்தாலும் கொள்ளிடத்துலதான் விழும்."

"வந்தாலும்னா?"

பானு டம்ளருக்குள் பார்த்தாள். "அங்கிள்கிட்ட கேளுங்கம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு அவசரமாகக் கிளம்பிப் போனாள்.

அந்த ஆற்றைக் காட்டச் சொல்லி ரெங்கநாயகி பிடித்துக்கொள்ள, சிவராமன் இரண்டு வாரம் பூசி மெழுகிப் பார்த்தார். முட்டி வலி, ஷிப்ட், பஸ் சரியில்லை. மூன்றாவது வாரம் ரெங்கநாயகி தானே பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட, வேறு வழியில்லாமல் பின்னாலேயே போனார்.

துறையூரில் இறங்கி இன்னொரு பஸ் ஏறினார்கள். மலை வரைக்கும் போகத் தேவையிருக்கவில்லை. அடிவாரத்தில் ஓர் ஏரிக்கரையில் சிவராமன் இறங்கச் சொன்னார். ஏரியில் பாதிக்குத் தண்ணீர். மலைப்பக்கமிருந்து ஒரு வாய்க்கால் அகலத்துக்கு மூங்கிலாறு சத்தமில்லாமல் வந்து ஏரிக்குள் விழுந்தது. எதிர்க்கரையில் மதகைத் திறந்து வெங்காயக் காட்டுக்குப் பாய்ச்சிக்கொண்டிருந்தார்கள்.

"இங்கேருந்து எங்க போகுது?" என்று கேட்டாள்.

கரையின் கோடியில் தாழ்வாக இருந்த கல்கட்டைக் கை காட்டினார். "அது கலங்கல். ஏரி ரொம்பி அது மேல வழிஞ்சாத்தான் வெளிய போகும். போனா கொள்ளிடம்."

"எப்ப வழியும்?"

"வழியாது. 'என் ஆறு கடலையே பார்த்ததில்லைப்பா'ன்னு கனி சொல்லுவா. கடைசியா எப்ப வழிஞ்சதுன்னு இந்த ஊர்க்காரங்களுக்கே நெனப்பில்ல."

"தெரிஞ்சேதான் கரைச்சீங்களா?"

சிவராமன் துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார். "கடலுக்குப் போயிட்டா நான் எங்கன்னு போய்த் தேடுவேன் ரெங்கம்மா? இங்கன்னா ரெண்டு பஸ் மாறினா வந்துரலாம்."

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. தை மாசத்திலிருந்து சனிக்கிழமையானால் ஓவர்டைம். அதற்கெல்லாம் சம்பளத்தில் ஒரு பைசா கூடியிருக்கவில்லை. இந்தக் கரையில் வந்து உட்கார்ந்துவிட்டுப் போயிருக்கிறார்.

பரிதாபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. "எம் பொண்ண அடைச்சு வெச்சிருக்கீங்க!" என்று கத்தினாள். மேய்ந்துகொண்டிருந்த மாடு தலையைத் தூக்கிப் பார்த்தது. "போய்ச் சேர வேண்டியவள இங்கயே அடைச்சு வெச்சிருக்கீங்க. நான் பைத்தியக்காரி மாதிரி அங்க ஒவ்வொரு பூவா விட்டுக்கிட்டு இருக்கேன்!"

அதன்பிறகு வீட்டில் பேச்சு, சாப்பாடு ஆச்சா, கேஸ் வந்ததா என்பதோடு நின்றுபோனது. அம்மா மண்டபத்துக்குப் போவதையும் விட்டுவிட்டாள். யாருமில்லாத படியில் போய் யாருக்குப் பூ விடுவது?

ஐப்பசி பிறந்து மழை பிடித்தது. டிவியில் மழைச் செய்தி வந்தால் இரண்டு பேரும் கையில் இருக்கிற வேலையைப் போட்டுவிட்டு வந்து நிற்பார்கள். துறையூர்ப் பக்கம் கனமழை என்றால் அவள் முகம் தெளியும், அவர் முகம் சுருங்கும். ஒரே மழையை ஒருத்தி வேண்டிக்கொண்டிருக்க, ஒருத்தர் பயந்துகொண்டிருந்தார். ஒன்பது மாதத்துக்கு முன் கரைத்த சாம்பல் இன்னுமா தண்ணீரில் இருக்கும் என்று கேட்கிறவர்கள் கேட்கலாம். பிள்ளையைப் பறிகொடுத்தவர்களிடம் கேட்காமல் இருந்தால் புண்ணியம்.

கார்த்திகையில் ஒரு சாயங்காலம் வானம் பிய்த்துக்கொண்டு கொட்டியது. சிவராமன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். ரெங்கநாயகி காய்ந்தும் காயாத துணியை மடித்துக்கொண்டிருந்தாள்.

"ரெங்கம்மா," என்றார் திரும்பாமல், "போயிருவாளோ?"

ஒர்க்‌ஷாப்பில் அத்தனை பேரை மிரட்டிய தொண்டையா அது என்றிருந்தது. கம்பியைப் பிடித்திருந்த கை நடுங்கியது. மகளைப் பாடையில் தூக்கியபோதுகூட அந்தக் கை நடுங்கவில்லை. எல்லாரும் அவரைக் கல்நெஞ்சுக்காரர் என்று சொன்னார்கள், அவளும் நினைத்தாள். அவள் துணியை மடித்துக்கொண்டே இருந்தாள். ஆனால் அந்தக் கை அவள் கண்ணை விட்டுப் போகவில்லை.

நாலு நாள் கழித்து, அவர் வேலைக்குப் போயிருந்த நேரத்தில் பானு போன் செய்தாள். மலைக்குப் போகிற வழியில் ஏரியைப் பார்த்துச் சொல்லும்படி இரண்டு பேருமே அவளிடம் கேட்டு வைத்திருந்தார்கள். அவள் ஏரிக்கரையில்தான் நின்றுகொண்டிருந்தாள். தண்ணீர் விழுகிற இரைச்சல் போனிலேயே கேட்டது.

"அம்மா, கலங்கல் வழியுதும்மா! ஊரே வந்து வேடிக்கை பார்க்குது. நாளைக்குள்ள கொள்ளிடத்துக்கு வந்துரும்."

ரெங்கநாயகி சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். வேண்டியது கிடைத்துவிட்டது. ஆனாலும் ஜன்னல் கம்பியைப் பிடித்திருந்த அந்தக் கைதான் ஞாபகத்துக்கு வந்தது. "பானு, அங்கிள்கிட்ட இதைச் சொல்லிராதம்மா" என்றாள்.

மறுநாள் பூ வாங்கிக்கொண்டு, அம்மா மண்டபத்தைத் திரும்பிப் பார்க்காமல், ஸ்ரீரங்கத்துக்கு வடக்கே கொள்ளிடக்கரைக்குப் போனாள். எப்போதும் மணலாகக் கிடக்கிற கொள்ளிடம் செம்மண் நிறத்தில் நுரைத்துக்கொண்டு போனது. வடகரையிலிருந்து எத்தனை ஓடை வந்து விழுகிறதோ, அதில் எது தன் மகளின் ஆறு என்று அவளுக்குத் தெரியவில்லை. கனிஷ்கா இருந்தால் சொல்லியிருப்பாள். சோற்றைக் குவித்து, சாம்பாரை ஊற்றி, பொறுமையாகச் சொல்லியிருப்பாள். ரெங்கநாயகி வாய்விட்டு அழுதாள். சாவு வீட்டில் கூட்டத்துக்கு நடுவே வராத அழுகை அது.

இந்தத் தடவை ஒவ்வொரு பூவாக விடவில்லை. சரத்தை அப்படியே விட்டாள். மகள் மலைக்குக் கிளம்பும்போதெல்லாம் வாசலில் நின்று சொல்வதுதான் வாயில் வந்தது. "பாத்துப் போயிட்டு..." என்று ஆரம்பித்தாள். வா என்பதை விழுங்கிக்கொண்டாள். பூ ஒரு சுழலில் சுற்றி, தண்ணீரோடு கிழக்கே போனது.

சிவராமன் வருவதற்குள் வீட்டுக்கு வந்து சமைத்துவிட்டாள். அவர் கை கால் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். நாள் முழுக்கக் கேட்கப் பயந்த கேள்வி என்பது முகத்திலேயே தெரிந்தது.

"பானு போன் பண்ணுச்சா? ஏரி..."

"பண்ணுச்சுங்க. ரொம்பலையாம். கலங்கலுக்கு இன்னும் ரெண்டு முழம் இருக்காம். மழையும் விட்டுருச்சுல்ல, இனிமே எங்க ரொம்பப் போகுது?"

சிவராமன் அப்படியே கண்ணை மூடிக்கொண்டார். பல நாள் கழித்து அவர் தோள் இறங்கியது. "அப்ப சனிக்கிழமை போய்ப் பாத்துட்டு வந்துர்றேன்" என்றார்.

"போயிட்டு வாங்க." கரையில் யாராவது சொல்லிவிட்டால் அப்போது பார்த்துக்கொள்ளலாம், இன்றைக்காவது மனுஷன் தூங்கட்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

சோற்றைப் போட்டுச் சாம்பாரை ஊற்றினாள். அது சரிந்து இறங்கி, தட்டின் விளிம்பில் போய்த் தேங்கி நின்றது. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆறுறதுக்குள்ள சாப்பிடுங்க" என்றாள் ரெங்கநாயகி.