காலைப் பேருந்தில் கூட்டம்

ஊரில் எனக்குப் பெயர் ‘புகார் டெய்லர்’. பட்டம் கொடுத்தவர் சலூன்காரர். கோபப்படவும் முடியவில்லை, அளவெடுத்துத் தைத்த மாதிரி பொருந்திவிட்டது. அவரையும் சேர்த்து எங்கள் ஊர்க்குழுவில் ஏழு பேர், ஒருவருக்கும் சம்பளம் கிடையாது. தபால் நிலையத்தின் பின்னறையில் மாதம் ஒருமுறை கூடுவார்கள். தெருவிளக்கு, குடிநீர்க் குழாய், பாலத்துக் கைப்பிடி என்று அவர்கள் எதைத் தொட்டாலும் குறை சொல்லி ஒரு கடிதம் எழுதிவிடுவேன். வேலை வெட்டி இல்லாத கூட்டம் என்பது என் எண்ணம்.

அப்போது என் மனைவிக்கு இரண்டு சிறுநீரகமும் பழுதாகியிருந்தது. திங்கள், புதன், வெள்ளி மூன்று நாளும் நகரத்து மருத்துவமனையில் டயாலிசிஸ். போக ஏழரை மணிப் பேருந்து, திரும்ப மதியம் அதே பேருந்து. எங்களுக்கு வேறு வண்டி கிடையாது. அந்த வண்டியைத்தான் ஆளில்லை என்று நிறுத்தப் போவதாக கண்டக்டர் ஒருநாள் என் காதோடு சொன்னார். மனைவியிடம் மூச்சு விடவில்லை. நேரே ஊர்க்குழுவுக்குப் போய்க் கத்தினேன்.

குழுத் தலைவி தபால்காரம்மா. கடைசிவரை பொறுமையாகக் கேட்டுவிட்டு, “கம்பெனிக்கு எழுதிப் போட்டிருக்கோம்ண்ணே. பாத்துக்கலாம்,” என்றார்.

“எழுதிக் கிழிச்சீங்க! அவள நான் தோள்ல தூக்கிட்டா போவேன்? இங்க பாருங்க, இது அவ காதுக்குப் போகக் கூடாது.” கதவை அறைந்து சாத்திவிட்டு வந்தேன்.

அடுத்த திங்கட்கிழமை பேருந்தில் ஏறினால் சலூன்காரர் உட்கார்ந்திருக்கிறார், மடியில் காலிப் பை. பின்னால் கோழிப்பண்ணைக்காரர், அவரும் குழுதான். புதன்கிழமை எலக்ட்ரீஷியனும் அவர் மாமியாரும் இன்னும் நாலைந்து பேரும். வெள்ளிக்கிழமை உட்கார இடமில்லை. என் மனைவிக்கு மட்டும் யாரோ எழுந்து இடம் கொடுத்தார்கள், நான் கம்பியில் தொங்கினேன்.

“என்ன சலூன், கடையப் பூட்டிட்டு ஊர் சுத்தக் கெளம்பிட்டீங்களா?”

“சின்னதா ஒரு வேலைண்ணே,” என்று அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மூன்று வாரம் இதே கூத்து. என் வீட்டில் உயிர் ஊசலாடுகிறது, வண்டியைக் காப்பாற்ற வேண்டியவர்கள் அதே வண்டியில் உல்லாசப் பயணம் போகிறார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அன்றே உட்கார்ந்து குழுவுக்கு எழுதினேன்: ‘காலைப் பேருந்தில் நிற்கக்கூட இடமில்லை. குழு உறுப்பினர்களே இடத்தை அடைத்துக்கொள்கிறார்கள். நோயாளியைக் கூட்டிப்போகிறவன் ஒரு காலில் நிற்கிறேன். இந்த வண்டி இல்லாவிட்டால் என் மனைவி இல்லை. இது உங்கள் யாருக்காவது உறைக்கிறதா?’

அந்த மாதக் கூட்டத்துக்குப் பேருந்துக் கம்பெனி அதிகாரி வந்திருந்தார். சண்டைக்குத் தயாராக நான் கடைசி நாற்காலியில் உட்கார்ந்தேன்.

“மூணு வாரமா யாருக்கும் சொல்லாம ஆள் எண்ணினோம்,” என்றார் அதிகாரி. “எதிர்பார்த்தத விட கூட்டம். எப்படின்னுதான் புரியல.”

“மறைக்க ஒண்ணுமில்ல சார்,” என்றார் தபால்காரம்மா. “நீங்க ஆள் எண்ணுறது கண்டக்டர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். முறை வச்சு நாங்க ஏறினோம், டிக்கெட் எடுத்துத்தான். வண்டி வேணும்னா ஊர்க்காரங்க ஏறத்தானே வேணும்? யாருக்காக ஏறினோம்னு இதுல இருக்கு.” ஒரு தாளை எடுத்து வாசிக்க ஆரம்பித்தார்.

என் கடிதம்.

‘ஒரு காலில் நிற்கிறேன்’ என்ற இடத்தில் அதிகாரி சிரித்தார். அடுத்த வரியில் சிரிப்பு நின்றது. என்னால் நிமிர முடியவில்லை. பூமி பிளந்து உள்ளே போய்விட்டால் தேவலை என்றிருந்தது.

“ஆறு மாசம் ஓட்டிப் பாக்கறோம்,” என்றார் அவர் கடைசியில். “கூட்டம் குறையாம இருந்தா வண்டி நிக்காது.”

அவர் போனதும் சலூன்காரரிடம் கேட்டேன். “எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே?”

“அண்ணிக்குத் தெரியக் கூடாதுன்னீங்க. உங்க வாய்ல எது தங்கும்?”

“மதியம் வரைக்கும் அங்க என்னதான் செஞ்சீங்க?”

“ஆஸ்பத்திரிக்கு எதிர்ல ஒரு பெஞ்சு இருக்கு. அதுல உக்காந்திருந்தோம்.”

மூன்று வாரம், ஆளாளுக்குக் கடையையும் பண்ணையையும் விட்டுவிட்டு அந்தப் பெஞ்சில் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. துடைக்கவும் தோன்றவில்லை. இத்தனை வருடம் நான் எழுதிய கடிதங்களில் ஒன்றில்கூட நன்றி என்ற சொல் இருந்ததில்லை. முறைப் பட்டியலை வாங்கி, செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நேரே என் பெயரை எழுதினேன்.

போன வியாழக்கிழமை காலிப் பையோடு உட்கார்ந்திருந்தேன். வழியில் ஒரு கர்ப்பிணிப் பெண் ஏறினாள். ஒரு இடம்கூடக் காலியில்லை. “வேல வெட்டி இல்லாதவங்க எல்லாம் ஏறிக்கிட்டா நாங்க எங்க உக்கார்றது?” என்று என்னைப் பார்த்தே முணுமுணுத்தாள்.

சட்டென்று எழுந்து இடம் கொடுத்தேன்.

“இத அப்படியே ஒரு கடிதமா எழுதி எங்க குழுவுக்குக் குடும்மா,” என்றேன். “புண்ணியமாப் போகும்.”